மறதியும் மானமும்

"கைநாட்டு" என்னும் சொல்லைப் பயன்படுத்தாதவர் நம்மில் இரார். எழுத்தறியாதவர் என்று ஒருவரை ஏளனம் செய்யத் தமிழில் அந்த ஒரு சொல் போதும். "அவனா? சுத்தக் கைநாட்டு" என்று கூறிவிட்டால் மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை. விடுதி அறைகளில் நாம் விளையாட்டாகவும் அச்சொல்லை வழங்கி வருகின்றோம். நான் இப்பொழுது அதை வழங்குவதில்லை. 2024ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு நாள், என் தாத்தாவின் இடக்கைப் பெருவிரலை நானே பிடித்து ஸ்டாம்ப் பேடில் அழுத்தினேன். அன்று தொடங்கி அச்சொல் என் நாவில் எழுவதில்லை.

மன்ற மலருக்கு உளவியல் மாணவன் என்ற முறையில் ஏதேனும் எழுதித் தருமாறு செயலாளர் கேட்டபோது, கனவுகளைப் பற்றி எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆனால் கனவைப் பற்றி எழுத ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர் கிடைத்துவிடுவார். மறதிநோய் கண்ட முதியோரின் மானவுணர்ச்சியைப் பற்றி எழுத அத்தனை பேர் முன்வருவதில்லை. ஆகவே இப்பொருளை எடுத்துக்கொண்டேன். தாத்தாவைப் பற்றி எழுத அவரிடமே ஒப்புதல் கேட்டேன். "தப்பில்லாமல் எழுது" என்றார். மறுநாளும் கேட்டேன். அன்றும் அதையே சொன்னார்.

தாத்தாவிற்கு வயது 81. தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர்களில் போஸ்ட்மாஸ்டராக இருந்து 2004இல் ஓய்வு பெற்றவர். காலையில் அலுவலகத்தைத் திறந்ததும் தேதி முத்திரையில் முந்தைய நாளின் எண்ணை எடுத்துவிட்டுப் புதிய எண்ணைப் பொருத்தி, ஒரு தாளில் குத்திப் பார்த்து, அதன் பிறகே மற்ற வேலைகளைத் தொடங்குவார். சிங்கப்பூரிலிருந்தும் பம்பாயிலிருந்தும் பிள்ளைகள் அனுப்பும் பணத்தை வாங்க வரும் பாட்டிமார்களிடம் கைநாட்டு வாங்கும்போது, விரலைப் பிடித்து இழுக்கமாட்டாராம். ஸ்டாம்ப் பேடை அவர்கள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாராம். இதை என் தந்தையார் பலமுறை சொல்லக் கேட்டிருக்கின்றேன். பாட்டி இறந்த பிறகு 2021இல் அவர் டில்லிக்கு வந்து, மயூர் விஹாரில் என் சித்தப்பா வீட்டில் தங்கினார். 2023இல், அவருக்கு வந்திருப்பது அல்ஸைமர் வகை மறதிநோய் என்று மருத்துவர்கள் கூறினர்.

மைய அரசின் ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில், தாம் உயிரோடு இருப்பதாகச் சான்று அளிக்க வேண்டும். அதற்காகத்தான் அவரை வங்கிக்கு அழைத்துச் சென்றேன். படிவத்தில் கையெழுத்திடச் சொன்னார்கள். அவருடைய கையெழுத்து ஊரறிந்தது. முதலெழுத்து பெரிதாக நிற்கும். கடைசிக் கோடு பின்னோக்கி ஓடிப் பெயர் முழுவதற்கும் அடிக்கோடாகும். அன்று முதலெழுத்து மட்டும் வந்தது. பேனா அங்கேயே நின்றுவிட்டது. சிறிது நேரம் அதைப் பார்த்தார். பின்னர் என்னைப் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தனர். அலுவலர் என் பக்கம் திரும்பி, தாத்தாவின் தலைக்கு மேலாக, "அங்கூட்டா வைக்கச் சொல்லுங்கள்" என்று இந்தியில் கூறினார்.

அங்கூட்டா என்றால் பெருவிரல். "அங்கூட்டா சாப்" என்பது இந்தியிலும் வசைச்சொல்லே. நம்முடைய கைநாட்டுக்கு உடன்பிறந்தது. தாத்தாவிற்கு இந்தி அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ஸ்டாம்ப் பேடு தெரியும். அது தம்மை நோக்கி நகர்வதைக் கண்டதும் கையை மடியில் வைத்துக்கொண்டார். நான் அவசரத்தில் இருந்தேன். அன்று பிற்பகல் எனக்கு ஒரு தேர்வு இருந்தது. அவர் கையைப் பிடித்து எடுத்தேன். அவர் எதிர்க்கவில்லை. விரல் பதிந்தது. வேலை முடிந்தது.

அலுவலர் செய்தது சட்டப்படி தவறன்று. எழுத இயலாதவர் இடும் குறியும் கையொப்பமே என்று 1897ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்திருக்கிறார்கள். ஓய்வூதியத்திற்கும் விரல் பதிவிற்கும் உள்ள உறவு அதனினும் பழையது. வங்காளத்தின் ஹூக்ளியில் நீதிபதியாயிருந்த வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கிலேயர், இறந்தவர் பெயரால் பிறர் பணம் வாங்குவதைத் தடுக்க, 1877இல் ஓய்வூதியம் பெறுவோரிடம் விரல் பதிவு வாங்கும் முறையைக் கொண்டுவந்தார். ஆக, தவறு விரல் பதிவில் இல்லை. எழுதும் ஆற்றலை இழந்துவரும் மனிதர் ஒருவரை நடுவில் உட்கார்த்தி வைத்துவிட்டு, இருவர் அவருக்கு மேலே பேசி முடித்ததில் இருக்கிறது. அந்த இருவரில் ஒருவன் நான்.

அன்று இரவு தாத்தா தம் பெருவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "கையில் என்னடா கறை?" என்று நான்கு முறை கேட்டார். வங்கிக்குப் போனது அவருக்கு நினைவில்லை. ஆனால் மறுநாள் மாலை பூங்காவிற்கு அழைத்துச் செல்ல நான் கையை நீட்டியபோது, அவர் தம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒரு வாரம் வரை அப்படித்தான் இருந்தது. மற்றவர்களிடம் கை கொடுத்தார். என்னிடம் மட்டும் கொடுக்கவில்லை.

நிகழ்ச்சி மறந்துவிட்டது, அவமானம் மறக்கவில்லை. இஃது எவ்வாறு இயலும் என்பதே என் கேள்வி.

இந்நோயின் வரலாறே ஒரு கையெழுத்தில்தான் தொடங்குகிறது எனலாம். 1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்து மனநோய் மருத்துவமனையில் அவுகுஸ்தே என்னும் 51 வயதுப் பெண்மணியை அல்ஸைமர் என்ற மருத்துவர் சோதித்தார். பெயர் கேட்டார், சொன்னார். கணவர் பெயர் கேட்டார். அதற்கும் தம் பெயரையே சொன்னார். பெயரை எழுதச் சொன்னபோது, "திருமதி" என்னும் பொருளுடைய சொல்லை எழுதிவிட்டு, மேலே என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றார். தம்மையே தாம் இழந்துவிட்டதாக அவர் கூறியதும் அக்குறிப்பேட்டில் உள்ளது. 1906இல் அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்து, அதே ஆண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர் அவையில் அல்ஸைமர் தம் முடிவுகளைப் படித்தார். அவையினர் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1910இல் பேராசிரியர் கிரெப்பலின் தம் பாடநூலில் அந்நோய்க்கு அல்ஸைமர் என்று பெயரிட்டார். நோய்க்கு மருத்துவர் பெயர் நிலைத்தது. நோயாளியின் குறிப்பேடோ பல்லாண்டுகள் காணாமற்போய் 1995இல்தான் மீண்டும் கிடைத்தது.

தம்மை இழந்துவிட்டதாக ஒருவர் சொல்லும்போது, அவ்வாறு சொல்லுகின்றவர் யார்? இழந்ததை அறிந்து வருந்துகின்ற ஒருவர் உள்ளே இருக்கிறார் அன்றோ? அந்த அம்மையார் தம் பெயரை எழுத முடியாமல் நின்றார். ஆனால் எழுத முடியவில்லையே என்று நாணினார். நம் உரையாடல்களில் இந்த இரண்டாவது செய்தி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

நினைவு என்பது ஒரே பெட்டியில் வைத்த பொருளன்று. நேற்று என்ன நடந்தது, காலையில் யார் வந்தார் என்பவற்றைப் பதிந்து வைக்க மூளையின் உட்புறத்தில், கடற்குதிரை வடிவிலான ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி வேண்டும். அல்ஸைமர் நோய் பெரும்பாலும் அதனையும் அதனை அடுத்த பகுதிகளையுமே முதலில் தாக்குகிறது. அதனால்தான் ஐம்பது ஆண்டுக்கு முந்தைய செய்தி நிற்கிறது, ஐந்து நிமிடத்திற்கு முந்தையது நிற்பதில்லை. ஆனால் கை பழகிய தொழிலும், அச்சம் வெறுப்பு மகிழ்ச்சி முதலியனவும் வேறு வழிகளிலும் பதிகின்றன. உணர்ச்சிக்குரிய பகுதிகளையும் நோய் விட்டுவைப்பதில்லை. ஆயினும் நிகழ்ச்சியின் நினைவு போன வேகத்தில் உணர்ச்சியின் சுவடு போய்விடுவதில்லை.

இதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. ஜெனீவாவைச் சேர்ந்த கிளாபரேத் என்னும் அறிஞர் 1911இல் எழுதியது. அவரிடம் வேறொரு வகை நினைவிழப்பு நோயுடைய பெண்மணி ஒருவர் இருந்தார். ஒவ்வொரு நாளும் மருத்துவரைப் புதியவராகவே வரவேற்பார். ஒரு நாள் கிளாபரேத் தம் விரலிடுக்கில் குண்டூசியை மறைத்துக்கொண்டு அவரோடு கை குலுக்கினார். குத்து வாங்கியதை அம்மையார் விரைவில் மறந்துவிட்டார். ஆனால் பின்னர் மருத்துவர் கையை நீட்டியதும் தம் கையை இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்ல இயலவில்லை. இச்சோதனையை உளவியல் வகுப்புகளில் வியந்து கூறுவார்கள். நானும் முதலாண்டில் வியந்தேன். நம்பி நீட்டிய கையில் ஊசி குத்தியது சரிதானா என்று அப்பொழுது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தாத்தா கையைப் பின்னால் கட்டிக்கொண்ட அன்றுதான் தோன்றியது.

அண்மைக் காலத்தில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தார் இதனை ஊசியின்றியே ஆராய்ந்தனர். 2014இல் வெளிவந்த அவ்வாராய்ச்சியில் அல்ஸைமர் நோயாளிகள் 17 பேரும் நோயற்றோர் 17 பேரும் பங்குகொண்டனர். துயரக் காட்சிகளையும், வேறு வேளையில் நகைச்சுவைக் காட்சிகளையும் திரையில் காட்டினர். கண்டவற்றை நோயாளிகள் சில நிமிடங்களிலேயே பெரும்பாலும் மறந்தனர். ஆனால் காட்சி எழுப்பிய துயரமும் மகிழ்ச்சியும் அதன் பின்னரும் அவர்களிடம் நீடித்தன. காரணம் தெரிந்த துயரத்திற்கு ஆறுதல் தேடலாம். காரணம் மறந்து துயரம் மட்டும் எஞ்சினால் அதனை எங்கே கொண்டுபோய் இறக்குவது? மறதிநோயாளர்கள் காரணமின்றிச் சினக்கிறார்கள் என்று நாம் சொல்கின்றோமே, அவற்றுள் எத்தனை சினங்களுக்குக் காரணம் இருந்து, அது மறைந்துபோயிற்றோ!

இனி மானம் என்பதைச் சிறிது ஆராய்வோம். வள்ளுவர் அதற்கென்று தனி அதிகாரமே வகுத்திருக்கிறார். நம் பேச்சு வழக்கில் மானம், மரியாதை என்று இரண்டையும் சேர்த்தே சொல்கின்றோம். மரியாதை பிறர் தருவது. மானம் தனக்குள் இருப்பது. ஆனால் இரண்டிற்கும் இடையே உள்ள சுவர் மிக மெல்லியது. அமெரிக்க உளவியலார் ஸ்டீவன் சாபாட்டும் மெய்யியலார் ரோம் ஹாரேயும் 1992இல் எழுதிய கட்டுரையொன்றில், அல்ஸைமர் நோயாளிகளின் "தான்" என்பதைப் பிரித்துப் பார்த்தனர். "நான்" என்று சொல்லும் தன்மை நோய் முற்றிய காலத்திலும் நிற்கிறது. ஆனால் ஆசிரியர், தந்தை, அதிகாரி என்னும் சமூக உருவங்கள் தனியொருவரால் தாங்கக்கூடியவை அல்ல. மாணவன் மாணவனாக நடந்துகொண்டால்தான் ஆசிரியர் ஆசிரியராக இருக்க முடியும். எதிரே இருப்பவர் ஒத்துழைக்க மறுத்தால் அவ்வுருவம் அழிந்துவிடும். அழித்தது நோயன்று, எதிரே இருந்தவர்.

இதனைப் படித்தபோது எனக்கு டில்லி புரிந்தது. ஊரில் தாத்தா தெருவில் இறங்கினால், "போஸ்ட்மாஸ்டர் ஐயா, எங்கே கிளம்பிட்டீங்க?" என்று நாலு பேர் கேட்பார்கள். பெயர் மறந்தாலும் பதவி மறக்க ஊர் விடாது. மயூர் விஹாரில் அவர் நான்காவது மாடியில் இருக்கும் ஒரு கிழவர். இந்தி தெரியாத கிழவர். நோய் வருமுன்னரே அவருடைய உருவத்தில் பாதியை நாங்கள் ரயிலேற்றாமல் விட்டு வந்துவிட்டோம்.

அந்தப் பாதியைத் திரும்பக் கொடுத்தவர் எங்கள் குடியிருப்பின் காவற்காரர். பீகாரைச் சேர்ந்தவர். நான் படித்த நூல் ஒன்றையும் அவர் படித்தவரல்லர். தாத்தா முன்பு என்ன வேலை பார்த்தார் என்று ஒரு நாள் என்னிடம் கேட்டார், சொன்னேன். அடுத்த வாரம் பார்க்கும்போது, வாயிற்பக்கத்து பெஞ்சில் தாத்தா உட்கார்ந்து, குடியிருப்பிற்கு வந்த தபால்களை வீட்டு எண் வாரியாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். வங்கிக் கடிதங்கள், மின்கட்டணச் சீட்டுகள், ஒன்றிரண்டு கல்யாணப் பத்திரிகைகள், அவ்வளவுதான். விரல்கள் எவ்வளவு விரைவாக ஓடின! பேரன் பெயர் நினைவில்லாத நாளில்கூட 43ஆம் எண் 34க்குப் பின்னால் போயிற்று. எப்பொழுதாவது ஒன்று மாறிவிடும். காவற்காரர் அதை அப்பொழுது எடுத்து மாற்றமாட்டார். தாத்தா மாடியேறிய பிறகு மாற்றுவார். "சுக்ரியா, போஸ்ட்மாஸ்டர் சாப்" என்பார். தாத்தா தலையை மட்டும் அசைப்பார், ஓர் அதிகாரி அசைப்பதுபோல.

இங்கிலாந்தின் பிராட்போர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாம் கிட்வுட் என்பவர் 1997இல் எழுதிய நூலில், இத்தகையோரின் மனிதநிலையைக் குலைக்கும் செயல்களைப் பட்டியலிட்டார். அவர் உள்ளபோதே இல்லாதவர்போல் பேசுதல், அவர் தொடரமுடியாத வேகத்தில் பேசுதல், செய்யக்கூடியதைச் செய்யவிடாமல் தாமே செய்துவிடுதல், குழந்தைபோல் நடத்துதல், ஏமாற்றி இணங்கவைத்தல் ஆகியவை அவற்றுட் சில. வங்கியில் கழித்த பத்து நிமிடத்தில் இவற்றுள் மூன்றை நான் செய்திருக்கிறேன். இவற்றைச் செய்வோர் கெட்ட எண்ணத்தால் செய்வதில்லை என்றும் கிட்வுட் கூறினார். அஃது எனக்குப் பெரிய ஆறுதலாக இல்லை.

குழந்தைபோல் நடத்துதல் நம் நாட்டில் அன்பின் பெயராலேயே நடைபெறுகிறது. மலையாளத்தில் இந்நோயைக் குறிக்கும் "சின்னன்" என்ற சொல்லுக்குக் குழந்தைத்தனம் என்பது பொருள். "பாவம், குழந்தை மாதிரி ஆயிட்டார்" என்று நாமும் இரக்கத்தோடு சொல்கின்றோம். இங்கே இந்தியில் "சடியா கயா" என்பார்கள்; "சாட்" என்றால் அறுபது; அறுபது கடந்து புத்தி பேதலித்தவர் என்று பொருள். நம் தமிழின் "அறளை பெயர்ந்தது" என்பதும் புகழ்ச்சியன்று. "டிமென்ஷியா" என்னும் சொல்லே மனம் அகன்றது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். ஜப்பானியரோ, மடமை என்னும் கருத்துடைய "சிஹோ" என்ற தம் பழைய மருத்துவச் சொல்லை 2004இல் அரசாங்க முறையிலேயே கைவிட்டு, அறிதிறன் நோய் என்னும் கருத்துடைய "நின்ச்சிஷோ" என்பதை வைத்துக்கொண்டனர். பெயரை மாற்றினால் நோய் மாறாது என்பது உண்மைதான். ஆனால் மடமை நோய்க்கு மருந்து வாங்க வந்திருக்கிறேன் என்று மருத்துவமனை வாயிலில் ஒருவர் சொல்லவேண்டிய நிலை இருந்ததே!

குழந்தைக்கும் இவர்களுக்கும் உள்ள வேற்றுமை ஒன்றே ஒன்று. குழந்தைக்கு இழந்தது என்று ஏதுமில்லை. தாத்தாவைக் குளிக்க வைப்பது எங்கள் வீட்டில் பெரும் போராட்டமாக இருந்தது. உதவிக்கு வைத்த ஆள் நல்லவர்தான்; ஆனால் உள்ளே அழைத்துச் சென்றதும் வேட்டியை அவிழ்க்கத் தொடங்குவார். தாத்தா கூச்சலிடுவார், ஒரு நாள் அடித்தும்விட்டார். சித்திதான் வழி கண்டார். இடுப்பில் துண்டைக் கட்டி, அந்தத் துண்டோடேயே உட்காரவைத்து, தண்ணீர்ச் செம்பை அவர் கையிலேயே கொடுக்கச் சொன்னார். முதுகுக்கு மட்டும் அந்த ஆள். குளியல் அரைமணி நேரம் ஆகிறது; ஆனால் கூச்சல் இல்லை. துண்டு மூன்றடி நீளந்தான்.

சித்தியைப் பற்றியும் சொல்லவேண்டும். "இன்று என்ன கிழமை?" என்னும் கேள்விக்கு நாற்பதாவது முறை விடை சொல்லிவிட்டு, அடுக்களையில் குழாயைத் திறந்துவிட்டு அவர் அழுததை நான் கண்டிருக்கிறேன். நோயாளியின் மானத்தைப் பற்றிப் பேசுகின்ற நூல்கள் சில, கவனித்துக்கொள்பவரை எந்நேரமும் புன்னகைக்கும் பொம்மையாக எண்ணிக்கொள்கின்றன. நாளெல்லாம் ஒருவரே பார்த்துக்கொள்ளும் வீட்டில் யாருடைய மானமும் மாலைவரை நிற்காது. 60 வயதிற்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது நாட்டில் ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோயோடு வாழ்வதாக 2023இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வொன்று மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடச் சிற்றூர்களிலும் இது மிகுதி என்றும் அவ்வாய்வு கண்டது. இவர்களுள் பெரும்பாலோரைப் பார்த்துக்கொள்வது குடும்பத்துப் பெண்கள் தாம். அவர்களுக்கு மாற்றாள் கிடையாது.

ஏமாற்றுதல் பற்றியும் என்னால் எளிதில் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. "பாட்டி எங்கே?" என்று தாத்தா கேட்கிறார். இறந்துவிட்டார் என்றால், அப்பொழுதுதான் கேள்விப்பட்டவர்போல் துடிக்கிறார். ஊருக்குப் போயிருக்கிறார் என்றால் வாயிலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பேச்சைப் பாட்டியின் நினைவுகளின் பக்கம் திருப்புவது நலம் என்று படித்து, "பாட்டி வைக்கிற வத்தக்குழம்பு ஞாபகம் இருக்கா, தாத்தா?" என்று கேட்டுப் பார்த்தேன். சில நாள் அது பலித்தது. குழம்பைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். ஒரு நாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "கேட்டதுக்குப் பதில் சொல்லுடா" என்றார். நான் தலைகுனிந்தேன். அன்று உண்மையைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்து, பின்னர், "நான் பக்கத்தில் இருந்தேனா?" என்று கேட்டார். இருந்தீர்கள் என்றேன். அது உண்மை.

மருத்துவச் சோதனையிலும் மானம் உண்டு. 1975இல் அமெரிக்காவில் உருவாகி உலகெங்கும் பரவிய வினாத்தாள் ஒன்று, இன்று என்ன தேதி, என்ன ஆண்டு என்றே தொடங்குகிறது. நாள்தோறும் தேதியை மாற்றித் தேய்ந்த விரல்களுக்குரியவரிடம் இளம் மருத்துவர் ஒருவர் அதைக் கேட்டபோது, தாத்தா, "காலண்டர் இல்லையா உங்களிடம்?" என்றார். மருத்துவர் சிரித்துவிட்டார், அதற்குச் சுழியம் போட்டுக்கொண்டார். அதே வினாத்தாள், "கண்களை மூடு" என்று எழுதிய தாளைக் காட்டி அதன்படி செய்யச் சொல்லும். ஒரு வாக்கியம் எழுதவும் சொல்லும். எழுதப்படிக்கக் கற்காத முதியவர் என்ன செய்வார்? வாழ்நாள் முழுதும் பட்ட அவமானம் போதாதென்று, நோயில்லாதபோதும் நோயாளி ஆவார். டில்லிக்கு அருகிலுள்ள அரியானாவின் பல்லப்கட் சிற்றூர்களில் ஆராய்ந்த அறிஞர்கள் இதனை உணர்ந்து, 1995இல் வெளியிட்ட தங்கள் இந்தி வினாத்தாளில் அவ்விடங்களை மாற்றினர். "என் முகத்தைப் பார்த்து, நான் செய்வதுபோலவே செய்யுங்கள்" என்று சொல்லிச் சோதிப்பவர் கண்களை மூடுவார். முதியவரும் மூடினால் போதும். எழுதுவதற்குப் பதிலாக, தம் வீட்டைப் பற்றி ஏதேனும் சொன்னால் போதும். இம்மாற்றத்தை அறிவியலின் பொருட்டே செய்தார்கள். நான் அதில் மரியாதையையும் காண்கிறேன்.

மானவுணர்ச்சியே அழிந்துவிடும் நோயும் உண்டு என்று நண்பர் ஒருவர் என்னை மறித்தார். அவர் சொல்வது சரி. மூளையின் முன்பகுதியைத் தாக்கும் மறதிநோய் வகையில் நினைவு ஓரளவு நிற்க, நாணமும் பிறர் முன் நடந்துகொள்ளும் முறையும் முதலிலேயே போய்விடுவதுண்டு. பொதுவிடத்தில் ஆடை களைந்தாலும் அவருக்கு வெட்கமில்லை. அவருக்கே இல்லாத மானத்தை நாம் ஏன் காக்கவேண்டும்? சுவீடன் நாட்டு மெய்யியலார் நார்டன்பெல்ட் கண்ணியத்தை நான்கு வகையாகப் பிரித்தார். தகுதியால் வருவதும், ஒழுக்கத்தால் வருவதும், தான் இன்னார் என்னும் உணர்வால் வருவதும் குறையலாம், அழியலாம். மனிதராயிருப்பதால் வருகின்ற நான்காவது குறைவதில்லை என்பது அவர் கொள்கை. கண்ணியமாக வாழும் உரிமையை நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் வழங்குவதும், நோயாளிக்கு அவ்வுணர்வு எஞ்சியிருந்தால் என்ற நிபந்தனையோடு அன்று. ஆடை களைந்தவருக்குத் துண்டு போர்த்துகிறோம். அவர் நாணினாலும் நாணாவிட்டாலும் போர்த்துகிறோம்.

2025 அக்டோபரில் மறுபடியும் சான்று அளிக்கும் காலம் வந்தது. 80 வயது கடந்தவர்கள் நவம்பர்வரை காத்திராமல் அக்டோபர் முதல் நாள் தொட்டே அளிக்கலாம். முகத்தைக் கைப்பேசியில் காட்டிச் சான்று பெறும் முறை 2021 நவம்பரிலேயே வந்துவிட்டது. சென்ற ஆண்டு நான் அதை விசாரிக்கவில்லை. இம்முறை வீட்டிலேயே செய்வதென்று முடிவு செய்து, தாத்தாவிடம் முன்னதாகவே சொன்னேன். "போட்டோவா?" என்றார். எழுந்து போனார். நாங்கள் காத்திருந்தோம். இருபது நிமிடம் கழித்து வெள்ளைச் சட்டை அணிந்து, தலை வாரி, திருநீறு பூசி வந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு பொத்தான் மாறியிருந்தது. சித்தி, "மாமா, ஒரு நிமிஷம்" என்று கேட்டுக்கொண்டு அதைச் சரிசெய்தார்.

கைப்பேசி கண்ணை இமைக்கச் சொன்னது. தாத்தாவிற்கு அது விளங்கவில்லை. நான் அவர் எதிரில் உட்கார்ந்து, "என்னைப் பாருங்க தாத்தா, நான் செய்யறதுபோல செய்யுங்க" என்று சொல்லி இமைத்தேன். அவரும் இமைத்தார். சான்று பதிவாயிற்று.

"கையெழுத்து வேண்டாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சித்தப்பா ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் முன்னால் வைத்தார். தாத்தா மெல்ல எழுதினார். முதலெழுத்து வந்தது, நெடுநேரத்திற்குப் பின் இரண்டாவது வந்தது, பிறகு ஒரு கோடு, பின்னோக்கி. அதற்குக் கீழே, பழக்கம் போலும், தேதியும் போட்டார். 1987ஆம் ஆண்டு மார்ச் மாதத்து நாள் ஒன்று. நான் அதைத் திருத்தவில்லை. தாளை வாங்கி, "சரியாக இருக்கிறது, தாத்தா" என்றேன். "ஆபீஸ் காப்பி ஒன்று வைத்துக்கொள்" என்றார். வைத்துக்கொண்டிருக்கிறேன்.